அம்மாவின் எண்ணிலிருந்து

வாருங்கள். வாசல் நிலை தாழ்வு, தலை குனிந்து உள்ளே வாருங்கள். நீங்கள் சாட்சி சொல்ல வேண்டியவர்கள். ஆகவே சுவரோரம் ஒதுங்கி நிற்காமல் கட்டிலுக்கு அருகில் வந்து, படுத்திருப்பவளின் வலது கைப் பெருவிரலைப் பாருங்கள்.

அந்த விரலில் வாஸ்லின் தடவிக்கொண்டிருக்கிறாள் ரெஸ்டி. விரல் அவளுடைய தாய் பெலிஸ்தாவுடையது. மசாகா நகரத்துப் பள்ளியொன்றில் இருபத்தேழு ஆண்டுகள், நாள்தோறும் நானூறு பிள்ளைகளுக்குச் சோளக்களி கிண்டிய விரல். தீயும் துடுப்பும் சேர்ந்து அதன் நுனியை மாட்டுக்குளம்பு போலாக்கிவிட்டன. தொட்டால் இயங்கும் கண்ணாடிப் போன் அந்த விரலை விரலென்று ஏற்க மறுக்கிறது.

"நல்லா அழுத்தித் தேய்டீ," என்றாள் பெலிஸ்தா. "இந்தக் கண்ணாடிக்கு நான் மனுஷின்னே தெரிய மாட்டேங்குது."

"பேசாம படும்மா. மூச்சு வாங்குது."

"இன்னிக்கு அவளை விடுறதா இல்ல. பீப் அடிச்சிட்டு ஓடுறாளா? ஓடுறதுக்குள்ள புடிக்கிறேன் பாரு."

சொல்லி வாய் மூடுவதற்குள் மார்பின்மேல் கிடந்த போன் ஒலித்தது. திரையில் கெவினா என்ற பெயர். பெலிஸ்தாவின் விரல் கண்ணாடியைத் தேடிப் போவதற்குள் ஒலி அறுந்தது. முழுதாக ஒரு மணியோசை, பிறகு பாதி ஓசை. அவ்வளவுதான்.

"பாத்தியா? பாத்தியா அவ திமிர?"

எங்கள் ஊரில் பீப்புக்கு ஒரு நீதி உண்டு. கையில் காசில்லாதவன் இருப்பவனுக்கு ஒரு மணி அடித்து வைப்பான். இருப்பவன் புரிந்துகொண்டு திரும்ப அழைப்பான். காதலனுக்கு அடிக்கலாம், முதலாளிக்கு அடிக்கலாம், தேர்தல் நேரத்தில் வேட்பாளருக்கும் அடிக்கலாம். ஆனால் மாதச் சம்பளம் வாங்கும் மகள், சமையற்கட்டில் முதுகு ஒடிந்த தாய்க்குப் பீப் அடித்தால், அது அவமதிப்பு. தாய் அதற்குத் திரும்ப அழைத்தால் அந்த அவமதிப்பைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டதாகும். ஆகையால் பெலிஸ்தா அழைக்கவில்லை. இரண்டு மாதங்களாக, கருப்பை வாயில் பழுத்த புற்று அவளைத் தின்றுகொண்டிருந்த இரண்டு மாதங்களும், மூத்த மகள் கெவினா வடக்கே அருவா நகரத்திலிருந்து நாளுக்கு மூன்று முறை தனக்குப் பீப் அடிப்பதாகவே அவள் நம்பினாள்.

ரெஸ்டி இன்னும் அறியாத ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். சாட்சிகளிடம் மறைத்துப் பேசுவது எனக்கு வழக்கமில்லை. பெலிஸ்தாவின் போன் இரண்டு இடங்களில் ஒலிக்கிறது. ஒன்று அவள் மார்பில். மற்றொன்று இந்தச் சுவருக்கு அப்பால், முன்னறையில், அவளுடைய ஒரே மகன் தியோவின் மடியிலிருக்கும் டேப்லெட்டில். தாய்க்கு வரும் அழைப்பு மகனுக்கும் வரும். தாய்க்கு வரும் செய்தியை மகன் படிப்பான். மகன் எழுதும் மறுமொழி தாயின் எண்ணிலிருந்து போகும். எழுத்து எதுவும் தாயின் திரையில் தங்காது. அங்கே சிவப்புப் பொத்தானைத் தொட்டால் இங்கே மணி சாகும்.

ஈஸ்டர் திருநாளன்று, தாயின் பழைய பொத்தான் போனை வாங்கிக்கொண்டு, இந்தக் கண்ணாடிப் போனை அவன் தன் கையாலேயே பரிசளித்தான். "என் பிள்ளை குடுத்தது" என்று அவள் அதைத் தேவாலயம் முழுக்கக் காட்டி மகிழ்ந்தாள். வாரந்தோறும் அதற்கு இணையம் போட்டுவிட்டான். பேசுவதற்கு மட்டும் ஒரு ஷில்லிங் போட்டதில்லை. ஏன் இப்படி என்று ரெஸ்டி ஒருநாள் கேட்டதற்கு, "அம்மா யாருகிட்ட பேசப் போறாங்க?" என்றான்.

கெவினா செய்த குற்றம் என்ன? இரண்டு ஆண்டுகளுக்கு முன், தலைநகர வானொலியில், தன் சொந்தக் குரலில், தன் சொந்தப் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, "என் உடம்பில் எச்.ஐ.வி. இருக்கிறது, செத்துப்போன என் கணவன் எனக்குத் தந்தது, மாத்திரை சாப்பிடுகிறேன், உயிரோடு இருக்கிறேன், நீங்களும் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள்" என்றாள். அதைக் கேட்டு அந்த மாதம் எத்தனை பேர் மருத்துவமனை வரிசையில் நின்றார்கள் என்பதை யாரும் எண்ணவில்லை. தியோவுக்குப் பெண் கொடுக்க இசைந்திருந்த குடும்பம் விலகிக்கொண்டதை மட்டும் ஊரே எண்ணியது. பெலிஸ்தாவும் அன்று, "சந்தையில என் துணிய உருவிட்டா" என்று அழுதவள்தான். ஆனால் தாயின் கோபம் ஓராண்டில் ஆறிவிட்டது. அண்ணனின் கோபம் ஆறவில்லை; அது தேவாலயப் பங்குப் பேரவைச் செயலாளராகி, ஞாயிறுதோறும் மேடையேறி வாசகம் படித்தது.

மருத்துவமனை கைவிட்டு வீட்டுக்கு அனுப்பிய நாளிலேயே, "கெவினாகிட்ட சொல்லிட்டேன். வரலைன்னுட்டா," என்றான் தியோ. சொந்தப் போன் இல்லாத ரெஸ்டி அதை நம்பினாள். நம்புவது எளிதாக இருந்தது.

முன்னறையில் செபமாலைக் கூட்டத்துப் பெண்கள் வந்து அமரும் ஓசை கேட்டது. அவர்களில் ஒருத்தி, இரட்டைப் பிள்ளை பெற்றவளாதலால் ஊருக்கெல்லாம் நாலோங்கோ, கையில் கூழ்க் கிண்ணத்தோடு உள்ளே நுழைந்தாள்.

"என்ன பெலிஸ்தா, போனைக் குறி பாத்துட்டுக் கெடக்கே? கோழி புடிக்கிற மாதிரி?"

"கோழின்னா கூடைய கவுத்துப் புடிச்சிருப்பேன் நாலோங்கோ. இது பருந்து. நெழல் விழறதுக்குள்ள பறந்துருது."

"பெரியவளா?"

"அவதான். ரேடியோவுல நாடு முழுக்கப் பேச அவளுக்கு வாய் இருக்கு. பெத்தவகிட்ட பேச ஒரு நிமிஷத்துக்குக் காசு இல்ல."

"நம்ம பிள்ளைங்கல்ல? பாலையும் கடனாத்தான் குடிச்சுதுங்க," என்றாள் நாலோங்கோ. பெலிஸ்தா சிரிக்கப் போனாள். சிரிப்பு வயிற்றில் இடித்து வலியாகத் திரும்பியது. அவள் உதட்டைக் கடித்தபோது நாலோங்கோ கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பகல் ஒரு மணிக்கு மறுபடியும் ஒலித்தது. இம்முறை விரல் கண்ணாடியின்மேல் காத்திருந்தது. எடுக்க வேண்டுமானால் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும் என்று ரெஸ்டி நூறு முறை சொல்லிக் கொடுத்திருந்தாள். பெலிஸ்தா இழுத்தாள். களித் துடுப்பை அடிப்பானையிலிருந்து மேலே கொண்டுவரும் அதே பிடிவாதத்தோடு இழுத்தாள். பாதி வழி போனபோது ஒலி நின்றது.

"பாதி வந்துட்டேன்டீ," என்றாள். கண்ணில் ஒரு வெற்றி இருந்தது. "பாதி வந்துட்டேன். அடுத்த தடவ புடிச்சிருவேன்."

மூன்று மணிக்கு வலி மிகுந்தது. வலிக்குக் கொடுக்கும் பச்சை மருந்து முன்னறை அலமாரியில், பழைய தண்ணீர்ப் பாட்டிலில் இருந்தது. எடுத்துவரப் போனாள் ரெஸ்டி. பெண்கள் பாயில் முழந்தாளிட்டிருந்தார்கள். நாற்காலியில் அமர்ந்து செபமாலையை முன்னின்று சொல்லிக்கொண்டிருந்தான் தியோ. வலக்கையில் மணிகள். இடக்கை, மடியிலிருந்த டேப்லெட்டின்மேல் ஓய்வாகக் கிடந்தது.

"அருள் நிறைந்த மரியே வாழ்க..."

டேப்லெட் ஒளிர்ந்தது. கெவினா. உள்ளறையிலும் முதல் மணி கேட்டது. தியோவின் இடக்கை விரல், ஈயை நசுக்குவது போல, சிவப்பைத் தொட்டது. உள்ளறை அடங்கிற்று. அவன் குரல் ஓரிடத்திலும் தடுக்கவில்லை. வலக்கையில் மணி ஒன்று நகர்ந்து அடுத்தது வந்தது.

"...பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்."

"ஆமென்," என்றார்கள் பெண்கள்.

மருந்துப் பாட்டிலைப் பிடித்தபடி ரெஸ்டி அவனையே பார்த்து நின்றாள். அவனும் பார்த்தான். மாலையின் அந்தப் பத்துச் செபங்கள் முடிந்ததும், "நீங்க தொடருங்க," என்று நாலோங்கோவிடம் மாலையைக் கொடுத்துவிட்டு, டேப்லெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்புற அடுப்படிக்கு வந்தான். கேட்கும் முன்பே அதை அவளிடம் நீட்டினான். அதுதான் கொடுமை, அவனுக்கு மறைக்க வேண்டுமென்றே தோன்றவில்லை.

அவள் படித்தாள். அம்மாவின் எண்ணிலிருந்து போனவை: *என்னை நிம்மதியாகச் சாக விடு. நீ எனக்கு மகள் இல்லை. வராதே.* கெவினாவிடமிருந்து வந்தவை: *ஒரு மணி அடிச்சதும் கட் பண்றீங்களே அம்மா. பரவாயில்ல. உங்க கோபம் தீர்ற வரைக்கும் தினம் மூணு தடவ அடிப்பேன். எடுக்க வேணாம். அடிக்கிறது நான்தான்னு தெரிஞ்சா போதும்.*

"எத்தனை நாளாண்ணே?"

"ஈஸ்டர்லேர்ந்து."

"அம்மா அவளைத்தான் கேக்குறாங்க. காலையிலேர்ந்து விரலை வச்சுக்கிட்டு..."

"அம்மா பேசலை. மருந்து பேசுது."

"அவ வரணும்ணே. இன்னிக்குச் சொன்னாக்கூட ராத்திரி பஸ்ஸைப் புடிச்சு..."

"வரட்டும். வந்து குழி மேட்டுல மைக்கப் புடிப்பா. மைக்கக் கண்டா அவளுக்குக் கை ஊறும். நம்ம அப்பன் பேரச் சொல்லி, வியாதியச் சொல்லி, எல்லாரும் வரிசையா வந்து ரத்தம் குடுங்கம்பா. அதுக்கப்புறம் உன் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நவம்பர்ல பரிச மாட்ட ஓட்டிக்கிட்டு வாசலுக்கு வருவாங்கன்னு நெனைக்கிறியா?"

ரெஸ்டியின் நிச்சயத்துக்கு நவம்பர் பதினாறு என்று நாள் குறித்திருந்தது. தைக்கக் கொடுத்த ஊதாக் கோமேசி உடைக்கு அளவு எடுத்தாயிற்று.

"எனக்குப் பொண்ணு தரேன்னவங்க என்னை எப்படி முடிச்சாங்க தெரியுமா?" என்றான் தியோ. அவன் குரல் முதல்முறையாகத் தணிந்தது. "நேர்ல வரலை. கூப்பிடலை. ஒரு மெசேஜ். ஒரே ஒரு வரி. நான் பஸ் ஸ்டாண்டுல நின்னு படிச்சேன். அது உனக்கு வரணுமா, சொல்லு. வரணும்னா இந்தா, கூப்பிடு. நானே உன் கையில குடுக்கிறேன்."

நீட்டிய டேப்லெட் நீட்டியபடியே இருந்தது. அடுப்பில் வாழையிலை போர்த்திய வாழைக்காய் மத்தோக்கே ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ரெஸ்டி குனிந்து, எரியாத விறகை உள்ளே தள்ளினாள். நிமிர்ந்தபோது அவன் போயிருந்தான். முன்னறையில் அவன் குரல் ஐந்தாம் பத்தைத் தொடங்கியது.

அவள் மருந்தை அளந்து கொண்டுபோனாள். தாய் கண்ணைத் திறந்தாள்.

"இப்ப அடிச்சுதா? ஒரு நொடி கேட்ட மாதிரி இருந்துச்சு."

இதோ, இந்த இடத்தில் ரெஸ்டியின் முகத்தைப் பாருங்கள், வேறெங்கும் பார்க்காதீர்கள்.

"இல்லம்மா," என்றாள் ரெஸ்டி. "பக்கத்து வீட்டு போன்."

"அப்ப இனிமேதான் அடிப்பா." பெலிஸ்தா மருந்தை விழுங்கினாள், பாதி கழுத்தில் வழிந்தது. "எடுத்ததும் திட்டப் போறேன்னு நெனைக்காத. ஒரே ஒரு கேள்விதான். மாத்திரைய நேரத்துக்குப் போடுறியாடீன்னு கேக்கணும். சின்னதுலயே அவ மாத்திரையத் துப்பிருவா. பின்னால போய்ப் பாத்தா வாழைக்கட்டைக்கு அடியில கெடக்கும். யாரு பாக்குறா அங்க அவளுக்கு?"

"அக்கா போடுவாம்மா."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ பேசுனியா?"

ரெஸ்டி வாஸ்லின் டப்பாவைத் திறந்தாள். பெருவிரலை எடுத்து மறுபடியும் தேய்த்தாள். தேய்க்க வேண்டிய அளவைத் தாண்டியும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

நான்கு பத்துக்குப் பெலிஸ்தா இறந்தாள். விரல் கண்ணாடியின்மேலேயே இருந்தது. வாஸ்லினில் ஊறிய விரலைக் கண்ணாடி கடைசியில் ஏற்றுக்கொண்டதால் திரை மங்காமல் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

முதல் ஓலத்தை நாலோங்கோதான் எழுப்பினாள். பிறகு நடக்க வேண்டியவை நடந்தன. நாற்காலிகள் முற்றத்துக்குப் போயின. ஆண்கள் விறகு தேடினார்கள். தியோ செயலாளர் பழக்கத்தோடு காரியங்களைப் பங்கிட்டான், பாதிரியாருக்கு ஆளனுப்பினான், கூடாரத்துக்குச் சொன்னான். அடக்கம் நாளை பிற்பகல் இரண்டு மணி, குடும்பத்து வாழைத்தோட்டத்தில். உள்ளறையில் கதவை ஒருக்களித்துவிட்டுப் பெண்கள் உடலைக் கழுவத் தொடங்கினார்கள். ரெஸ்டி தாயின் கையிலிருந்து போனை விடுவித்து, உடலைச் சுற்றுவதற்காக ஓரத்தில் மடித்து வைத்திருந்த மரப்பட்டைத் துணியின்மேல் வைத்தாள்.

நாலோங்கோ பிணத்தின் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு முதுகைத் துடைத்தாள். அப்போது அவளுடைய மார்புக் கச்சைக்குள் இருந்த போன் அதிர்ந்தது. ஈரக்கையால் அதை வெளியே எடுத்து, எட்டப் பிடித்துப் பார்த்தாள்.

தண்ணீர்ச் சட்டி உருண்டது.

"இயேசுவே! இவ... இவ எனக்கு மெசேஜ் அனுப்புறா! இந்தா கையில கெடக்கிறவ!"

"என்ன ஒளர்றே நாலோங்கோ?"

"நீயே பாரு! பெலிஸ்தான்னு போட்டிருக்கு! *எங்கள் அன்புத் தாய் இன்று மாலை நான்கு பத்துக்கு இறைவனடி சேர்ந்தார்*னு அவளே எழுதியிருக்கா!"

கழுவ நின்ற நான்கு பெண்களில் இருவரின் போன்களும் அடுத்தடுத்து முனகின. ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். பெலிஸ்தா ஒருக்களித்துக் கிடந்தாள், முதுகில் சோப்பு நுரையோடு. அவளைப் பிடிக்க யாருமில்லாததால் ரெஸ்டி ஓடிவந்து பிடித்தாள்.

முற்றத்திலிருந்து தியோவின் குரல் கேட்டது. இரண்டு மாதங்களாகத் தாயின் பெயரில் எழுதி எழுதி அவன் விரல் பழகிப்போயிருந்தது. மரணச் செய்தியைத் தட்டியபோது அது யார் எண்ணிலிருந்து போகிறது என்பதை அவன் பார்க்கவில்லை. பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் போயிற்று. அந்தப் பட்டியலில் கெவினாவும் இருந்தாள்.

அழைப்புகள் வந்து குவிந்தன. பள்ளித் தலைமையாசிரியை, காய்க்காரி, ஒன்றுவிட்ட சகோதரன். எல்லாருக்கும் ஒரே கேள்வி: இது யார் விளையாட்டு? டேப்லெட் மணியடித்து மணியடித்து, கூடாரக்காரனோடு பேச முடியாதபடி செய்தது. தியோ அதை முழுவதுமாக அணைத்தான். பிறகு உள்ளறைக் கதவுக்கு வெளியே வந்து நின்று, உள்ளே பார்க்காமல் பேசினான்.

"ரெஸ்டி. அந்தப் போனையும் அணைச்சிடு."

அவள் தாயைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கும் போயிருச்சு," என்றான். "கூப்பிடுவா. எடுக்காத. கேக்குதா? எடுத்தா நவம்பர் இல்ல."

காலடி ஓசை விலகியது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என்ன நவம்பர் என்று யாரும் கேட்கவில்லை. நாலோங்கோ சட்டியை நிமிர்த்தி, வெந்நீர் ஊற்றி, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் முதுகைத் துடைத்தாள். உடல் உலர்ந்தது. வெள்ளைக் கோமேசி உடுத்தப்பட்டது. கைகள் மார்பின்மேல் வைக்கப்பட்டன. வலது பெருவிரலில் வாஸ்லின் போகவே இல்லை. சோப்புக்கும் அது வழுக்கிக்கொண்டுதான் இருந்தது.

பட்டைத் துணியின்மேல் போன் ஒலித்தது.

கெவினா.

ஒரு மணி. ரெஸ்டியின் உடல், ஒலி அறுவதற்குத் தானாகவே காத்தது. அறவில்லை. இரண்டாவது மணி. நாலோங்கோ துணி பிழிவதை நிறுத்தினாள். மூன்றாவது. இந்தப் போனுக்கு மூன்றாவது மணி ஒன்று உண்டு என்பதை அந்த அறையில் யாரும் இதற்குமுன் கேட்டதில்லை. நான்காவது.

"பீப் இல்லடீ இது," என்றாள் நாலோங்கோ மெதுவாக. "முழுசா அடிக்கிறா."

ரெஸ்டி போனைக் கையில் எடுத்தாள். கண்ணாடியில் வாஸ்லின் தடம் ஒன்று, கீழிருந்து மேல்நோக்கிப் புறப்பட்டு, கெவினாவின் பெயருக்குச் சற்றுக் கீழே பாதி வழியில் நின்றிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. அந்தத் தடத்தின் முனையில் தன் விரலைக் கொண்டுபோய் வைத்தாள். வைத்தாளே தவிர இழுக்கவில்லை. முற்றத்தில் கூடாரக் கம்பியை அறையும் ஓசை கேட்டது.

ஐந்தாவது மணி. ஆறாவது.

சாட்சிகளே, கட்டிலுக்கு மிக அருகில் நிற்பவர்கள் இப்போது நீங்கள்தான். உங்கள் விரல்கள் கருகவில்லை. உங்களைக் கண்ணாடி அறியும்.

எடுங்கள்.